அக்ரீக்கு பதிலா அக்வியெஸ் போடறீங்களா? கொஞ்சம் நில்லுங்க

இங்கிலீஷ்ல கொஞ்சம் கெத்தா எழுதணும்னு அக்ரீ வர்ற இடத்துல எல்லாம் அக்வியெஸ் (acquiesce)னு போட்டுடறாங்க, இந்த வெர்ப்ல நடக்கற பெரிய தப்பே அதுதான். மனசுக்குப் பிடிக்கல, ஆனாலும் எதிர்த்துப் பேசாம சரி நடக்கட்டும்னு விட்டுடறதுதான் அக்வியெஸ். வாயைத் திறந்து சம்மதம் சொல்லியிருக்கணும்னு கூட இல்ல. லத்தீன்ல ஓய்வு, அமைதிங்கற அர்த்தம் உள்ள சொல்லுல இருந்து வந்தது, க்வயட்டுக்கும் அதே வேர்தான்.

மீட்டிங்ல மேனேஜர் டெட்லைனை ரெண்டு வாரம் முன்னாடி இழுத்துட்டார்னு வைங்க. ஒருத்தங்க நல்ல ஐடியான்னு தலையாட்டினா அது அக்ரீ. இன்னொருத்தங்க அரை மணி நேரம் வாதாடிட்டு கடைசில சரி நீங்க சொல்றதுதான் கரெக்ட்னு இறங்கி வந்தா அது கன்சீட் (concede). மூணாவது ஆள் இது நடக்காதுன்னு உள்ளுக்குள்ள நினைச்சுக்கிட்டே ஒண்ணும் பேசாம லேப்டாப்பைத் திறந்து புது தேதியை டைப் பண்றாங்க பாருங்க, அக்வியெஸ் அவங்களுக்குத்தான். மௌனம் சம்மதம்னு நாம சொல்றதுக்கு ரொம்ப கிட்டத்துல இருக்கற வார்த்தை.

சட்டத்துலயும் இதுக்கு வெயிட் ஜாஸ்தி. எல்லையில இருக்கற பிரே விகார் கோயில் யாருக்குன்னு கம்போடியாவும் தாய்லாந்தும் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனப்ப, 1962ல தீர்ப்பு கம்போடியா பக்கம் வந்துச்சு. கோயிலை கம்போடியா எல்லைக்குள்ள காட்டின மேப் 1908லயே சயாம் (தாய்லாந்தோட பழைய பேர்) அரசாங்கத்து கைக்குப் போயிடுச்சு, அப்பவும் சரி அதுக்கப்புறம் பல வருஷமும் சரி அவங்க ஆட்சேபணையே சொல்லல, அதனால அக்வியெஸ் பண்ணினதாத்தான் எடுத்துக்கணும்னு கோர்ட் சொல்லிடுச்சு. பேச வேண்டிய நேரத்துல பேசாம இருந்ததுக்கு அவ்வளவு விலை.

அடுத்தது கிராமர். அக்வியெஸ்ட் தி டிசிஷன்னு நேரா ஆப்ஜெக்ட் போடக்கூடாது, நடுவுல இன் வரணும், ஷீ அக்வியெஸ்ட் இன் தி டிசிஷன். இப்ப டு போட்டும் நிறைய பேர் எழுதறாங்க, டிக்‌ஷனரிகளும் ஏத்துக்கிச்சு, ஆனா ஃபார்மல் ரைட்டிங்குக்கு நான் இன்தான் சொல்வேன். வித் போடறது பழைய பழக்கம், விட்டுடுங்க.

ரிலக்டன்ட்லி அக்வியெஸ்ட் தப்பு இல்ல, ஆனா அந்தத் தயக்கம் வெர்ப்குள்ளயே இருக்கறதால பெரும்பாலும் தேவைப்படாது. ஹாப்பிலி அக்வியெஸ்ட்னு எழுதினா ரெண்டும் முட்டிக்கும்.

ஸ்பெல்லிங்ல க்யூவுக்கு முன்னாடி வர்ற சியை நிறைய பேர் முழுங்கிடறாங்க. கடைசில எஸ்ஸுக்கு அப்புறம் இன்னொரு சி இருக்கு, அது எழுத்துல மட்டும்தான், சத்தம் வராது. சொல்லும்போது அழுத்தம் கடைசி யெஸ்ல.

முக்கியமா க்ளையன்ட்டுக்கு மெயில்ல ஐ அக்வியெஸ் டு யுவர் ப்ரபோசல்னு தயவுசெஞ்சு அனுப்பாதீங்க, வேற வழியில்லாம தலையாட்டறீங்கன்னுதான் அவங்க படிப்பாங்க. நிஜமாவே சம்மதம்னா அக்ரீ இல்லன்னா அக்செப்ட் போதும்.