அலுவலக சர்வருக்கு எந்த ஓஎஸ்?

சர்வர் வாங்கும்போது விண்டோஸா லினக்ஸா என்ற கேள்வியை ஓரமாக வையுங்கள். அதில் என்னென்ன மென்பொருள் ஓட வேண்டும் என்று முதலில் எழுதுங்கள். அந்தப் பட்டியலில் டேலிபிரைம் சர்வர் (டேலி கணக்கு மென்பொருளின் சர்வர் பதிப்பு) இருந்தால் பேச்சே இல்லை, விண்டோஸ்தான். ஃபைல் ஷேரிங், பேக்கப், உள் இணையதளம் மட்டும் என்றால் லினக்ஸ் வகைகளான டெபியனோ உபுண்டு எல்டிஎஸ்ஸோ (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) தாராளமாகப் போதும். உரிமக் கட்டணமும் கிடையாது.

விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டுக்குக் காசு பிராசசர் கோர் கணக்கில். பெட்டியில் 8 கோர்தான் இருந்தாலும் 16 கோருக்கு வாங்கியாக வேண்டும். அதற்கு மேல் சிஏஎல், அதாவது சர்வரைப் பயன்படுத்தும் ஒவ்வொரு ஆளுக்கோ (யூசர்) கம்ப்யூட்டருக்கோ (டிவைஸ்) வாங்கும் உரிமம். 30 பேர் இரண்டு ஷிப்டில் 15 கம்ப்யூட்டரைப் பகிர்ந்துகொண்டால் டிவைஸ் சிஏஎல் 15 போதும். ஒரே ஆள் லேப்டாப், டெஸ்க்டாப் இரண்டிலும் வேலை செய்தால் யூசர் சிஏஎல்தான் லாபம். ரிமோட் டெஸ்க்டாப்பில் பலர் நுழைய ஆர்டிஎஸ் (ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்) சிஏஎல் தனி. கொட்டேஷனில் இது இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இல்லாமலும் 120 நாள் ஓடும்; அப்புறம் ஒருநாள் காலையில் யாராலும் நுழைய முடியாது.

விண்டோஸ் சர்வரின் 180 நாள் எவாலுவேஷன் (சோதனை) பதிப்பைப் போட்டு, அதையே டொமைன் கன்ட்ரோலர் (அலுவலகத்தின் எல்லா லாகின் கணக்குகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் சர்வர்) ஆக்கிவிடாதீர்கள். அந்த நிலையில் அதை முழுப் பதிப்பாக மாற்ற முடியாது. இன்னொரு சர்வரைக் கன்ட்ரோலராக்கி, பழையதிலிருந்து அந்தப் பொறுப்பை நீக்கிய பிறகே மாற்ற முடியும்.

லினக்ஸில், விண்டோஸ் கம்ப்யூட்டர்களோடு ஃபைல் பகிர உதவும் மென்பொருளான சாம்பாவே டொமைன் கன்ட்ரோலராக இயங்கும். ஆனால் ரெட் ஹேட், ராக்கி, அல்மா ஆகிய லினக்ஸ் வகைகள் தரும் சாம்பா தொகுப்பில் அந்த வசதி இல்லை; டெபியன், உபுண்டுவில் உண்டு. பலர் ஒரே நேரத்தில் திறக்கும் டேட்டாபேஸ் ஃபைல் சாம்பா ஷேரில் இருந்தால், அந்த ஷேருக்கு மட்டும் ஆப்லாக்ஸை (ஃபைலைத் தன்னிடமே தற்காலிகமாக வைத்துக்கொள்ளக் கம்ப்யூட்டருக்கு அனுமதி தரும் வசதி) நிறுத்துங்கள். இல்லையென்றால் மாற்றங்களை அந்தந்தக் கம்ப்யூட்டர் தன்னிடமே பிடித்து வைத்திருக்கும். நெட்வொர்க் ஒரு நொடி அறுந்தாலும் ஃபைல் கெடலாம்.

ஆதரவு (பாதுகாப்பு அப்டேட்கள்) முடியும் தேதியும் முக்கியம். விண்டோஸ் சர்வர் 2016க்கு 2027 ஜனவரியோடு சரி. 2029 வரை வரும் என்றிருந்த இலவச லினக்ஸான சென்ட்ஓஎஸ் 8, 2021 டிசம்பரிலேயே நிறுத்தப்பட்டது. இலவச ஓஎஸ் என்றால் பின்னால் யார் நிற்கிறார்கள் என்றும் பாருங்கள்.

எதைப் போட்டாலும், கம்ப்யூட்டர்களின் டிஎன்எஸ் (பெயரைக் கொடுத்தால் ஐபி முகவரியைச் சொல்லும் சேவை) முகவரியாக ரவுட்டரை விடாமல் டொமைன் கன்ட்ரோலரின் ஐபியைக் கொடுங்கள். டொமைனில் சேர மறுத்தால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். அடுத்தது கடிகாரம்: 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் லாகின் ஆகாது.