மூக்கில்லாத மாம்பழம்

மே மாதம் பிறந்துவிட்டால் கிருஷ்ணகிரியில் டிசைன் கடைகளுக்கு ஓய்வில்லை. மண்டிக்கு விசிட்டிங் கார்டு, மாங்கனிக் கண்காட்சிக்கு ஃப்ளெக்ஸ், ஆலைகளுக்கு டப்பா லேபிள். அப்படியொரு பருவத்தில் மாங்கூழ் லேபிள் ஒன்று என்னிடம் வந்தது. படங்கள் குவிந்திருக்கும் பின்டரெஸ்ட் தளத்தில் இரண்டு மணி நேரம் மேய்ந்து, சிவப்பும் மஞ்சளுமாகக் கொழுகொழுவென்று, பனித்துளி வழியும் ஒரு மாம்பழத்தைப் பிடித்து வரைந்து கொடுத்தேன். ஆலைக்காரர் பார்த்த மாத்திரத்தில் கேட்டார்: "மூக்கு எங்கே?"

இந்த மாவட்டத்துக் கூழ் ஆலைகளுக்குப் பெரும்பாலும் போவது பெங்களூரா என்கிற தோத்தாபுரி. கிளிமூக்கு மாங்காய் என்றால் எல்லோருக்கும் புரியும். நீண்ட உடல், நுனியில் அலகு போல ஒரு வளைவு. நான் வரைந்ததோ எங்கள் ஊர் மரம் எதிலும் காய்க்காத பழம். கடையை விட்டு இறங்கிப் பத்து நிமிடம் நடந்திருந்தால் லாரி லாரியாக அசல் பழத்தைப் பார்த்திருப்பேன்.

வடிவமைப்புக்கு யோசனை தேடும்போது நாம் செய்யும் முதல் தவறு இதுதான்: வரைய வேண்டிய பொருளைப் பார்க்கும் முன்பே திரையைப் பார்ப்பது. பின்டரெஸ்ட், பிஹான்ஸ் போன்ற தளங்கள் நாம் ஏற்கெனவே சொடுக்கியதைப் போன்றவற்றையே மேலும் மேலும் காட்டுகின்றன. பக்கத்துக் கடைக்காரரும் அதே சொல்லைத் தேடினால் அதே பழம்தான் அவருக்கும் கிடைக்கும். நான் இப்போது பொருளைக் கையில் வைத்துப் பென்சிலில் பத்துக் கிறுக்கல் போட்ட பிறகுதான் கணினியைத் திறக்கிறேன்.

ஆங்கில வடிவமைப்பைப் பார்த்து மயங்கி, அதில் தமிழை இட்டு நிரப்புவது அடுத்த தவறு. 'கி'யின் கொக்கி மேலே எழும், 'மூ'வின் கால் கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு அழகாக இருந்த நெருக்கமான வரி இடைவெளியில் இவை ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். எழுத்துகளை அகல விரித்து வைக்கும் பாணி இன்னும் மோசம். 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாகச் சிதறிவிடும். தமிழ் எழுத்து இடத்துக்கு ஏற்ப எப்படி வளையும் என்று பார்க்க ஆசைப்பட்டால் தர்மபுரி அரசு அருங்காட்சியகத்தில், இறந்த வீரர்களின் நினைவாக நட்ட நடுகற்கள் இருக்கின்றன. வீரனின் உருவத்துக்குப் போக மிஞ்சிய இடத்தில் சிற்பி எழுத்தை ஓட்டியிருக்கிறான். வட்டெழுத்து என்ற அந்தப் பழைய எழுத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும் அந்த அமைப்பு கண்ணுக்குப் புரியும். பர்கூர் பக்கம் மல்லப்பாடியில் பாறை ஓவியம் உண்டு. குதிரைமேல் வீரர்கள், வெள்ளை நிறம் ஒன்றே, சில கோடுகள்தான். லோகோவில் ஆறு வண்ணம் கேட்கும் வாடிக்கையாளரை ஒருமுறை அங்கே கூட்டிப்போக வேண்டும்.

ஆனால் பார்த்ததை அப்படியே பெயர்த்துவந்து ஒட்டுவதும் தவறுதான். இந்தப் பக்கத்தில் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற சாமியாக இன்றும் பூசை பெறுகின்றன. பிரியாணிக் கடை பேனரில் அந்த வீரன் வாளோடு நின்றால் ஊரில் யாரும் ரசிக்கமாட்டார்கள். கோட்டைக் கோயில் தூணிலிருந்து ஒரு வளைவை, ஓர் இடைவெளியை எடுங்கள், தூணையே எடுக்காதீர்கள்.

கூகுளில் கிடைத்த படம் பொதுச்சொத்து என்ற நினைப்பும் பரவலாக இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியத்தின் உரிமை, வரைந்தவரின் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கும். பதிவு செய்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. திரையில் ஒளிரும் இலைப்பச்சையை நம்பி வண்ணம் தேர்ந்தெடுப்பதையும் விட்டுவிடுங்கள். நான்கு மையில் அச்சாகும்போது அது வாடிப்போகும்.

அந்த லேபிளுக்கு வருகிறேன். மண்டியில் இரண்டு கிலோ கிளிமூக்கு வாங்கி, ஒன்றை நெடுக்கில் அறுத்து மேசையில் வைத்து வரைந்தேன். 'கூழ்' என்ற சொல்லில் ழகரத்தின் வாலுக்கு அந்த மூக்கின் வளைவையே கொடுத்தேன். ஆலைக்காரர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பழத்தின் நுனியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அச்சுக்கு அனுப்பிவிடுங்கள்" என்றார்.