மானிட்டர் திரையைத் துடைக்கும் முறை

மானிட்டரை அணைத்து, பிளக்கையும் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். சூடான திரையில் ஈரம் பட்டதுமே காய்ந்து கோடு விழும். தவிர, கறுத்த திரையில்தான் தூசியும் விரல்ரேகையும் பளிச்சென்று தெரியும்.

முதலில் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால், அழுத்தாமல், மேலிருந்து கீழாகத் துடையுங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். தூசியை எடுக்காமல் ஈரத்துணியை வைத்தால் மண்துகள் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். பழைய பனியன், டிஷ்யூ பேப்பர் இரண்டும் வேண்டாம்.

எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லையா? துணியின் ஒரு மூலையை டிஸ்டில்டு வாட்டரில் (காய்ச்சி வடித்த நீர்) நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து துடையுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் உப்பு வெள்ளைத் திட்டாகப் படியும். கண்ணாடி துடைக்கும் திரவங்கள் சிலவற்றில் அம்மோனியா உண்டு. அது திரையில் வெளிச்சம் எதிரொளிப்பதைக் குறைக்கும் ஆன்டி-கிளேர் பூச்சைக் கெடுக்கும்.

திரைமேல் நேராக ஸ்பிரே அடிப்பதுதான் பெரிய தவறு. துளி வழிந்து கீழ்ச் சட்டத்துக்குள் இறங்கும். படத்தைக் காட்டும் பேனலின் மெல்லிய மின் இணைப்புகள் ஓரத்தில்தான் இருக்கின்றன. அவை நனைந்தால் திரையில் கோடுகள் விழும். பேனலை மாற்றும் செலவுக்குப் புது மானிட்டரே வாங்கிவிடலாம்.

தூக்கும்போது சட்டத்தையும் ஸ்டாண்டையும் பிடியுங்கள், கட்டைவிரல் திரையில் படக்கூடாது. ஈரம் முழுக்கக் காய்ந்தபின் பிளக்கைச் செருகுங்கள்.