பழைய பிக்கப்புக்குப் புது கிளட்ச்: வாங்கும் முன் அளந்து பாருங்கள்

என் பழைய பிக்கப்புக்கு முதன்முதலாகக் கிளட்ச் மாற்றியபோது ஒரே வேலையை இரண்டு தடவை செய்தேன். கியர்பாக்ஸை இறக்கி வைத்துவிட்டுப் புது பிளேட்டை எடுத்தால், அது ஷாஃப்டில் ஏறவே மாட்டேன் என்றது. சரியான பிளேட் வந்து சேரும்வரை வண்டி ஒன்பது நாள் ஸ்டாண்ட் மேல் நின்றது. அது போதாதென்று, இஞ்சினின் பின்பக்க ஆயில் சீலை "நன்றாகத்தானே இருக்கிறது" என்று அப்படியே விட்டுவிட்டேன். மூன்றே மாதத்தில் அது கசிந்து புது பிளேட்டை நனைத்தது. மறுபடியும் கியர்பாக்ஸ் கீழே.

ஸ்பேனர் பிடிக்கத் தெரியாமல் நடந்த தவறுகள் இல்லை இவை. வாங்கும்போது யோசிக்காததால் நடந்தவை. அதனால் இங்கே கழற்றி மாட்டுவதைப் பற்றிக் குறைவாகவும், எதை வாங்குவது என்பதைப் பற்றி அதிகமாகவும் எழுதுகிறேன்.

முதலில் பெயர்கள். இஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான இரும்பு வட்டு ஃப்ளைவீல். அதன் மேல் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும் மூடி போன்ற பாகம் பிரஷர் பிளேட். ஸ்பிரிங் இருப்பது அதற்குள்தான். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருப்பது கிளட்ச் பிளேட். இதன் இருபக்கமும் லைனிங், அதாவது உரசிப் பிடிக்கும் பொருள், இருக்கும், நடு ஓட்டையில் பற்கள் இருக்கும். அந்தப் பற்களில்தான் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் நுழைகிறது. பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் போய் பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்தும், பிளேட்டின் பிடி விடும். காலை எடுத்தால் மறுபடி பிடிக்கும். அவ்வளவுதான் சங்கதி.

படி 1: குற்றவாளி கிளட்ச்தானா?

நாலாவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். இஞ்சின் சத்தம் மட்டும் எகிறி, வண்டி அதே வேகத்தில் போனால் கிளட்ச் வழுக்குகிறது. அது தேய்ந்திருக்கலாம், ஆயிலில் நனைந்திருக்கலாம், பெடலில் ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் தளர்வாக நகரும் கொஞ்ச தூரம்) இல்லாமலும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னதை முதலில் பாருங்கள். பல வண்டிகளில் ஒரு நட்டைத் திருகினால் அது சரியாகிவிடும்.

கியர் போடும்போது கரகரவென்று கடிக்கிறது என்றால் கதை வேறு. அங்கே கிளட்ச் பிடிக்காமல் இல்லை, விடாமல் இருக்கிறது. ஹைட்ராலிக் வண்டியாக (கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தால் கிளட்சை இயக்குவது) இருந்தால் பெடலுக்குப் பின்னால் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையையும் லேசாகத் தூக்கிப் பாருங்கள். ஈரம் இருந்தால் கோளாறு அங்கே இருக்கவே வாய்ப்பு அதிகம். கேபிள் வண்டி என்றால் கேபிள் நைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சத்தமும் ஒரு துப்பு. பெடலை மிதித்தால் சத்தம் வருகிறது என்றால் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் காலை எடுத்திருக்கும்போது சத்தம் வந்து, மிதித்ததும் நின்றுவிட்டால் கியர்பாக்ஸின் இன்புட் பேரிங் மேல் சந்தேகப்படுங்கள். அதைப் புது கிளட்ச் குணப்படுத்தாது.

படி 2: வண்டிக்குள் உண்மையில் என்ன இருக்கிறது?

மாடல் பெயரும் ஆண்டும் சொன்னால் கடையில் ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். புது வண்டிக்கு அது போதும். இருபது, முப்பது வருடம் ஓடிய பிக்கப்புக்குப் போதாது. ஒன்று, தயாரித்தவர்களே ஒரு ஆண்டின் நடுவில் கிளட்ச் அளவை மாற்றியிருப்பார்கள். இரண்டு, உங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் இஞ்சினையோ கியர்பாக்ஸையோ வேறு வண்டியிலிருந்து எடுத்துப் போட்டிருப்பார். பழைய பிக்கப்புகளில் இது சர்வ சாதாரணம், சொல்லிவிட்டு விற்கிறவர்கள்தான் குறைவு.

ஆகவே சேஸிஸ் எண், இஞ்சின் எண், கியர்பாக்ஸில் பொறித்திருக்கும் எண் அல்லது சீட்டு, தயாரித்த மாதம் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். இஞ்சின் எண்ணும் பதிவுப் புத்தகமும் ஒத்துப்போகவில்லை என்றால் மாடலை வைத்து எதையும் வாங்காதீர்கள். அப்போது அளவுதான் ஒரே வழி.

படி 3: இறக்குங்கள், அளவெடுங்கள், அப்புறம் வாங்குங்கள்

வண்டி இல்லாமல் இரண்டு நாள் சமாளிக்க முடியும் என்றால் முதலில் கியர்பாக்ஸை இறக்குவதுதான் நல்லது. பாகத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது சாமர்த்தியம் போலத் தெரியும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. பழைய வண்டிகளின் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உள்ளே படிந்திருக்கும் கறுப்புத் தூசியைக் காற்றடித்து ஊதவே ஊதாதீர்கள். பிரேக் கிளீனர் தெளித்து, ஈரமாகவே துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டித் தூக்கி எறியுங்கள். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி நுட்பமாக அளக்கும் வெர்னியர் அளவியை எடுங்கள். முதல் அளவு கிளட்ச் பிளேட்டின் வெளிவிட்டம். இரண்டாவது இன்புட் ஷாஃப்டின் பற்கள்: எத்தனை பல், பல் முனைக்குப் பல் முனை விட்டம் எவ்வளவு. இரண்டும் வேண்டும், ஒன்று மட்டும் போதாது. பழைய ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் 1 1/8 அங்குல ஷாஃப்ட் 10 பல்லோடும் உண்டு, அதே விட்டத்தில் 26 பல்லோடும் உண்டு. விட்டத்தை மட்டும் சொல்லி வாங்கினால் கைக்கு எது வரும் என்பது அதிர்ஷ்டம். பற்களை எண்ணும்போது ஒரு பல்லில் பெயின்ட் புள்ளி வைத்துவிட்டு எண்ணுங்கள். இல்லாவிட்டால் 21 என்று ஒரு தடவையும் 22 என்று மறு தடவையும் வரும்.

மூன்றாவது, பிரஷர் பிளேட்டை ஃப்ளைவீலில் பிடிக்கும் போல்ட் ஓட்டைகள். எத்தனை ஓட்டை, எதிரெதிர் ஓட்டைகளுக்கு இடையே எவ்வளவு தூரம், ஃப்ளைவீலில் வழிகாட்டும் பின் இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். சில ஃப்ளைவீல்களில் இரண்டு அளவு பிரஷர் பிளேட்டுக்கும் ஓட்டை போட்டிருக்கும், அதில் குழம்ப வேண்டாம்.

நான்காவது ரிலீஸ் பேரிங்கின் உயரமும் உள்விட்டமும். பலர் இதை அளப்பதில்லை. ஆனால் ஒரே கியர்பாக்ஸுக்குக் குட்டை பேரிங், நெட்டை பேரிங் என்று இருப்பது உண்டு. பிரஷர் பிளேட்டின் வகையைப் பொறுத்து அது மாறும். தவறான உயரம் போட்டால், ஒன்று கிளட்ச் விடாது, இல்லை எப்போதும் லேசாக மிதித்த நிலையிலேயே இருந்து வழுக்கும்.

எல்லாவற்றையும் ஒரு அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பாகத்தில் ஏதாவது எண் பொறித்திருந்தால் அதுதான் தங்கம்.

பழைய பிளேட்டை உடனே தூக்கிப் போடாதீர்கள், அது பேசும். லைனிங் சீராகத் தேய்ந்து ரிவெட் தலையைத் தொட்டிருந்தால் நியாயமான முதுமை. ரிவெட் தலை லைனிங்கின் மேற்பரப்பிலிருந்து குறைந்தது 0.3 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும் என்று பல கையேடுகளில் இருக்கும். லைனிங் கண்ணாடி போலப் பளபளத்தால் சூட்டில் வெந்திருக்கிறது. எண்ணெய் பிசுக்கு இருந்தால் கசிவு எங்கே என்று கண்டுபிடிக்காமல் புதுசை மாட்டாதீர்கள்.

படி 4: உங்கள் வண்டி என்ன வேலை செய்கிறது?

விளம்பரங்களைப் பார்த்தால் எல்லாருக்கும் பந்தய வண்டிக் கிளட்ச்தான் தேவை என்று தோன்றும். அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிளட்ச் தாங்கும் முறுக்கு விசை நான்கு விஷயங்களின் பெருக்கல்: உரசும் முகங்கள் எத்தனை, லைனிங்கின் உராய்வுக் கெழு எவ்வளவு, ஸ்பிரிங் எவ்வளவு பலமாக அழுத்துகிறது, லைனிங்கின் சராசரி ஆரம் எவ்வளவு.

வெளிவிட்டம் 240 மி.மீ., உள்விட்டம் 160 மி.மீ. உள்ள பிளேட்டின் சராசரி ஆரம் 100 மி.மீ., அதாவது 0.1 மீட்டர். முகங்கள் 2, உராய்வு 0.3, அழுத்தம் 6,000 நியூட்டன் என்று வைத்துக்கொண்டால் 2 × 0.3 × 6,000 × 0.1 = 360 நியூட்டன் மீட்டர். இஞ்சின் 240 தந்தால், கிளட்ச் தாங்குவது அதைப்போல் ஒன்றரை மடங்கு. இங்கே குதிரைத் திறனைப் பார்க்காதீர்கள். கிளட்ச் போராடுவது முறுக்கு விசையோடுதான்.

இந்தக் கணக்கிலிருந்து ஒன்று புரியும். ஸ்பிரிங்கைப் பலமாக்கினால் பிடி கூடும், ஆனால் அதைத் தள்ள வேண்டியது உங்கள் இடது கால். காலோடும் நிற்காது: ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க், கேபிள், இஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் எல்லாம் அந்தக் கூடுதல் பாரத்தைச் சுமக்கும். விட்டத்தைக் கூட்டினால் பெடல் கனக்காமலே பிடி கூடும். உங்கள் மாடலிலேயே பெரிய இஞ்சினுக்குப் பெரிய விட்டத்தில் கிளட்ச் வந்து, உங்கள் ஃப்ளைவீலும் அதற்கு இடம் கொடுத்தால், பாரம் இழுக்கிறவர்களுக்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

லைனிங்கைப் பொறுத்தவரை, சாதாரண ஆர்கானிக் மென்மையாகப் பிடிக்கும், நெரிசலில் மெல்ல ஊர்ந்து போக முடியும். கெவ்லார் கலந்தது நீண்ட நாள் உழைக்கும்; ஆனால் ஆரம்பத்தில் பொறுமையாகப் பழக்க வேண்டும், ஒரு தடவை நன்றாக வெந்துவிட்டால் பழைய பிடி திரும்புவது கஷ்டம். செராமிக் துண்டுகள் பதித்த பிளேட் சூட்டை அபாரமாகத் தாங்கும். பதிலுக்கு, பிடித்தால் வெடுக்கென்று பிடிக்கும், ஃப்ளைவீலையும் அரிக்கும். ரிவர்ஸில் ஒரு ட்ரெய்லரை மெதுவாக நகர்த்த வேண்டியவருக்கு அது தண்டனை.

எனக்குத் தெரிந்த எளிய அளவுகோல் இது: வண்டியில் இருந்த அசல் கிளட்ச் லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி, சீராகத் தேய்ந்துதான் செத்தது என்றால், அதே மாதிரி ஒன்றை வாங்குங்கள். இஞ்சினை மாற்றியிருந்தாலோ, டர்போ சேர்த்திருந்தாலோ, எப்போதும் பாரத்தோடு ஓட்டினாலோ மட்டும் ஒரு படி மேலே போங்கள். ஒரே ஒரு படி.

படி 5: பிரஷர் பிளேட்டும் ஃப்ளைவீலும்

பெரும்பாலான வண்டிகளில் டயஃப்ரம் வகைதான் இருக்கும், நடுவில் பூவிதழ் போல நிறைய விரல்கள். பழைய அமெரிக்க பிக்கப்புகளில் மூன்றே நெம்புகோல் உள்ள வகைகளும் வந்தன; போர்க் அண்ட் பெக், லாங் என்று இரண்டு பாணி. டயஃப்ரத்துக்கு மாறினால் பெடல் லேசாகும், ஆனால் ஃப்ளைவீல் ஓட்டைகளும் ரிலீஸ் பேரிங்கும் அதற்குப் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட்டு மாறுங்கள்.

ஃப்ளைவீலின் முகத்தில் நீலத் திட்டுகளோ மயிரிழைக் கீறல்களோ இருந்தால் லேத்தில் கொடுத்துச் சமமாகத் தேய்த்து வாங்க வேண்டும். பழைய முகத்தில் புது பிளேட்டை மாட்டினால் நடுங்கும். படிக்கட்டு போல இரண்டு மட்டம் உள்ள ஃப்ளைவீலாக இருந்தால் இரண்டு மட்டத்திலும் ஒரே அளவு எடுக்கச் சொல்லுங்கள். கீறல் ஆழமாக இருந்தாலோ, கையேடு சொல்லும் குறைந்தபட்ச கனத்துக்குக் கீழே போனாலோ புதுசுதான். இரட்டை நிறை ஃப்ளைவீல் (நடுவில் ஸ்பிரிங் வைத்து இரண்டு துண்டாகச் செய்தது) என்றால் அதை லேத்துக்கு அனுப்பாதீர்கள்.

படி 6: பெட்டிக்குள் என்ன வேண்டும்?

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் அல்லது புஷ் (இன்புட் ஷாஃப்டின் முனையை இஞ்சின் பக்கத்தில் தாங்குவது), மாட்டும்போது பிளேட்டை நடுவில் நிறுத்தும் பிளாஸ்டிக் கம்பி, இவை ஒரே செட்டாக வந்தால் நல்லது. கூடவே இஞ்சின் பின்பக்க சீல், கியர்பாக்ஸின் முன்பக்க சீல். இதில் நான் கஞ்சத்தனம் பண்ணிய கதையைத்தான் மேலே சொன்னேனே.

தயாரிப்பாளரைப் பொறுத்தவரை, உங்கள் வண்டிக்கு அசல் பாகம் செய்து கொடுத்தவர் யார் என்று தேடுங்கள். ஐசின், எக்செடி, சாக்ஸ், லுக், வலியோ போன்றவர்கள் வண்டித் தொழிற்சாலைகளுக்கும் கொடுக்கிறார்கள், தங்கள் சொந்தப் பெட்டியிலும் விற்கிறார்கள். பழைய பாகத்தில் பொறித்திருக்கும் பெயர் அவர்களில் ஒருவராக இருந்தால் தேடல் முடிந்தது.

படி 7: மாட்டும் முன் ஐந்து நிமிடம்

புது பிளேட்டை முதலில் கையால் இன்புட் ஷாஃப்டில் ஏற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும், ஆட்டம் இருக்கக் கூடாது. பழைய பேரிங்கையும் புது பேரிங்கையும் மேசையில் அருகருகே நிறுத்தி உயரம் பாருங்கள். பிரஷர் பிளேட்டின் முகத்தில் துருப்பிடிக்காமல் தடவியிருக்கும் எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்துவிடுங்கள். பிளேட்டில் எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும்; பெரும்பாலும் ஸ்பிரிங் புடைத்த பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்கும். ஷாஃப்ட் பல்லில் கிரீஸ் துளியளவு போதும், கூடினால் சுழலும்போது தெறித்து லைனிங்கில் போய் ஒட்டும். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே பக்கமாக இறுக்கினால் மூடி வளைந்துவிடும்.

ஓடத் தொடங்கியதும் முதல் 800 கிலோமீட்டர் நகரத்துக்குள் ஓட்டுவது போல, அடிக்கடி நின்று புறப்படும் ஓட்டம்தான் ஆர்கானிக் லைனிங்குக்கு நல்லது. அதுவரை ட்ரெய்லர் வேண்டாம், மேட்டில் கிளட்சைப் பாதி மிதித்து வண்டியை நிறுத்திப் பிடிக்கவும் வேண்டாம். முதல் சில புறப்பாடுகளில் லேசாக வாசனை வந்தால் பயப்படாதீர்கள். ஒரு வாரம் கழித்தும் வந்தால், கியர்பாக்ஸைத் தொடும் முன் பெடலின் ஃப்ரீ பிளேயை மறுபடி அளந்து பாருங்கள்.