இலங்கைல பனைக் குடும்பத்துல எது என்ன மரம்னு கண்டுபிடிக்கிறது எப்படி

தண்டை விட்டுட்டு முதல்ல ஓலையைப் பாருங்க. விசிறியா விரிஞ்சிருந்தா ஒண்ணு பனை, இல்ல தாளிப்பனை, ரெண்டுல தாளி ஓலை ராட்சச சைஸ், 5 மீட்டர் அகலம் கூட போகும். ரெண்டு பக்கமும் கீத்து கீத்தா போனா தென்னை இல்ல கமுகு, கமுகுக்கு மட்டைக்குக் கீழ வழுவழுன்னு பச்சைக் கழுத்து இருக்கும், தென்னைக்கு கிடையாது, அவ்ளோதான் மேட்டர். கீத்து நுனி மீன்வாலா கிழிஞ்சிருந்தா கண்ணை மூடிட்டு கித்துள்னு சொல்லிடலாம், நம்மூர் கூந்தல்பனைதான், பூங்குலை உச்சியில ஆரம்பிச்சு கீழ இறங்கிட்டே வரும், கடைசிக் குலையோட மரமும் செத்துரும். தாளியும் அப்படித்தான், பல வருஷம் காத்திருந்து உச்சியில ஒரே ஒரு தடவை பூத்துட்டு பட்டுப்போயிரும். பனைல ஆண் பெண் தனித்தனி மரம், நுங்கு பெண்ல மட்டும்தான், ஆனா பூக்குறதுக்கு முன்னாடியே எதுன்னு பாத்து சொல்றேன்னு யாராவது வந்தா நம்பிராதீங்க.