திருகோணமலை மானும் உங்கள் சோற்றுப் பார்சலும்

கனடா, லண்டன், சுவிஸ் என்று எங்கிருந்து வந்தாலும், விடுமுறையில் தாயகம் வரும் குடும்பங்கள் பல திருகோணமலைக்கு ஒரு நாளாவது ஒதுக்கும். கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில், பிரெட்றிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் நிற்கும். பிள்ளைகள் வானை நிறுத்தச் சொல்லி பிஸ்கட்டை நீட்டுவார்கள்.

நீட்ட விடாதீர்கள். நம் தீனிக்குப் பழகிய அந்த மான்கள் கோட்டையோடு நிற்பதில்லை. நகரத்துக்குள் இறங்கிக் கடைவாசல்களிலும் குப்பைகளிலும் மேய்கின்றன. செத்த மான்களின் வயிற்றில் பொலித்தீன் இருந்திருக்கிறது. மான் அசைபோடும் பிராணி. தின்றது முதல் அறையில் ஊறி, திரும்ப வாய்க்கு வந்து அரைபட்டு, பொடியானால்தான் அடுத்த அறைக்குப் போகும். பொலித்தீன் ஊறாது, அரைபடாது. அங்கேயே தங்கி, அடுத்தடுத்து வருவதோடு முறுகிப் பந்தாகிவிடும். வயிறு நிறைந்ததுபோல் இருப்பதால் மான் மேய்வதைக் குறைத்து, மெலிந்து சாகும். வெறும் பொலித்தீனை அது தேடுவதில்லை. சோறும் கறியும் உப்பும் ஒட்டிய, பார்சல் சுற்றும் லஞ்ச் ஷீட்தான் அதை இழுக்கிறது.

“நாங்கள் கண்ட இடத்தில் எறிவதில்லை, தொட்டியில்தான் போடுகிறோம்” என்பீர்கள். வெளிநாட்டில் அது போதும். இங்கே தொட்டியை நாய் கவிழ்க்கும், காகம் கிளறும், மீதியை மான் பார்த்துக்கொள்ளும். அள்ளிப்போனாலும், பல இடங்களில் அது போய்ச் சேர்வது காட்டோரத்துத் திறந்த குப்பைமேட்டுக்குத்தான். அம்பாறை மாவட்டம் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் மேய்ந்த யானைகளில் 8 ஆண்டுகளில் ஏறத்தாழ 20 செத்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. உணவுச் சுற்றுத்தாளும் பொலித்தீனும் குடலை அடைக்க, யானை தீனியையும் தண்ணீரையும் விட்டுவிடுகிறது. ஆகவே எங்கே எறிவது என்று யோசிப்பதை விட, வாங்கும்போதே குறைப்பதுதான் வழி.

வவுனியாவிலோ தம்புள்ளையிலோ சாப்பாட்டுக்கு இறங்கும்போது, முடிந்தால் கடையிலேயே இருந்து சாப்பிடுங்கள். பார்சல் கட்டாயம் என்றால் உறவினர் வீட்டிலிருந்து எவர்சில்வர் கரியர் ஒன்றை வாங்கி வானில் வைத்திருங்கள். “அண்ணை, இதுக்குள்ள போட்டுத் தாங்கோ, சொப்பிங் பை வேண்டாம்” என்றால் ஒருவரும் குறை நினைக்கமாட்டார்கள். பொலித்தீன் லஞ்ச் ஷீட்டுக்கு 2017 செப்டெம்பரிலேயே தடை வந்தது. பிளாஸ்ரிக் ஸ்ட்ரோ, தட்டு, கரண்டிக்கு 2023 ஒக்டோபரில். 2025 நவம்பர் முதல் கடைகள் சொப்பிங் பையை இலவசமாகத் தரக்கூடாது. சட்டம் உண்டு, கடைகளில் பழைய பழக்கமும் உண்டு. “மக்கும்” என்று அச்சடித்த ஷீட்டையும் நம்பவேண்டாம். மண்ணில் மக்கலாம், மானின் வயிற்றில் அல்ல.

தண்ணீருக்குப் பெரிய கான் ஒன்றை வானில் ஏற்றி, ஆளுக்கொரு போத்தலில் நிரப்பிக்கொள்ளுங்கள். குழந்தையோடு வருகிறவர்கள் பாவித்த பம்பர்ஸை மூடியுள்ள வாளியில் போட்டு, தங்கும் விடுதிவரை கொண்டுபோகவேண்டும். வீதியோரப் பற்றைக்குள் எறிந்த பம்பர்ஸைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஹபரணைக்கும் திருகோணமலைக்கும் இடையில் காட்டுவழி. புத்தள - கதிர்காமம் வீதியும் அப்படித்தான். அங்கே யானைகள் வாகனத்தை மறித்துத் தீனி கேட்கப் பழகிவிட்டன. பழத்தைப் பையோடு எறிகிற ஆட்கள் இருக்கிறார்கள், யானையும் பையோடுதான் விழுங்கும். சாரதி நிறுத்தப் பார்த்தால், “தம்பி, நிற்பாட்டாதேங்கோ” என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். படம் எடுக்க ஆசையென்றால் வில்பத்து தேசியப் பூங்காவுக்குப் போய் ஜீப்பிலிருந்து எடுக்கலாம்.

நிலாவெளியில் புறாமலைத் தீவுக்குப் படகு ஏறும்போது காற்றில் பறக்கக்கூடிய எதையும் கையில் வைத்திருக்க வேண்டாம். மிதக்கும் சொப்பிங் பையைக் கடலாமை ஜெல்லிமீன் என்று நினைத்து விழுங்கும்.

கதிர்காமப் பாதயாத்திரையில் சேர்பவர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். உகந்தை முருகன் கோயில் தாண்டினால் குமண, யால காடுகள். யானை, சிறுத்தை, கரடி நடமாடும் அந்த வழியில் உங்களுக்குப் பின்னால் குப்பை கூட்ட ஆள் கிடையாது. குளுக்கோஸ், ரொபி, பிஸ்கட் எல்லாவற்றின் உறையையும் வீட்டிலேயே பிரித்து, சாமானை ஒரு டப்பாவுக்குள் போட்டுக்கொண்டு நடங்கள். தட்டும் குவளையும் உங்களுடையதாக இருக்கட்டும். அன்னதானம் கொடுப்பவர்கள் அதில் போட்டுத் தருவார்கள். வெறும் பை ஒன்றைத் தோள்மூட்டையின் வெளியே கட்டிவையுங்கள். வழியில் மற்றவர் விட்டதையும் அதற்குள் போட்டுக்கொள்ளலாம், ஆனால் பற்றைக்குள் இறங்கிப் பொறுக்கப் போகாதீர்கள், கரடி படுத்திருக்கும்.