எல் சித் கதையைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பெயின் தன் பெருவீரராகக் கொண்டாடும் ரோட்ரிகோ டியாஸை உலகம் அறிந்திருப்பது ஓர் அரபுச் சொல்லால். ‘சீதி’ என்றால் ‘என் தலைவரே’. நம் ஊரில் சையது என்று பெயர் வைக்கிறார்களே, அதற்கும் இதற்கும் வேர் ஒன்றுதான். அந்தச் சொல்தான் ஸ்பானியர் வாயில் ‘எல் சித்’ ஆனது. ஒரு கிறிஸ்தவ வீரரை அரபு மொழியில் தலைவரே என்று அழைத்திருக்கிறார்கள். இதை மட்டும் மறக்காமல் இருந்தாலே அவர் கதையைச் சொல்பவர்கள் செய்யும் தவறுகளில் பாதி குறைந்துவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, களத்தில் இரண்டே அணிகளை நிறுத்துவது: இந்தப் பக்கம் சிலுவை, அந்தப் பக்கம் பிறை. பதினோராம் நூற்றாண்டு ஐபீரியா, அதாவது இன்றைய ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கும் தீபகற்பம், அப்படி இல்லை. கோர்தோபாவின் கலீபா ஆட்சி சிதறி, தெற்கிலும் கிழக்கிலும் பல முஸ்லிம் சிற்றரசுகள் முளைத்திருந்தன. வடக்கில் 1065-இல் முதலாம் ஃபெர்னாந்தோ இறந்ததும் அவர் நாட்டை மூன்று மகன்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். காஸ்டில் சாஞ்சோவுக்கு, லியோன் அல்ஃபோன்சோவுக்கு, கலீசியா கார்சியாவுக்கு. பிறகு அண்ணன் தம்பிகளே அடித்துக்கொண்டார்கள். தோற்ற அல்ஃபோன்சோ அடைக்கலம் புகுந்தது எங்கே? தொலேதோவின் முஸ்லிம் அரசரிடம்.

1079-இல் நடந்த ஒரு சண்டையைப் பாருங்கள். அதற்குள் அல்ஃபோன்சோ காஸ்டிலுக்கும் மன்னராகிவிட்டார். அவருக்காகக் கப்பம் வாங்க ரோட்ரிகோ செவில் நகரத்துக்குப் போயிருந்தார். அதே மன்னரின் இன்னொரு பிரபு, கார்சியா ஓர்தோனேஸ், அப்போது கிரனாடாவில் இருந்தார். கிரனாடா செவில்மீது படையெடுத்தபோது கார்சியா அந்தப் படையோடு வந்தார். ரோட்ரிகோ செவில் பக்கம் நின்றார். கப்ராவில் இரு படைகளும் மோதின. இரண்டு பக்கமும் முஸ்லிம்கள், இரண்டு பக்கமும் கிறிஸ்தவர்கள். எதிரெதிரே நின்ற காஸ்டிலியர் இருவரும் ஒரே மன்னரின் ஆட்கள். ரோட்ரிகோ வென்று கார்சியாவைச் சிறைபிடித்தார். அன்று பிறந்த பகை கடைசிவரை தீரவில்லை. இந்த ஒரு சண்டையை நேர்மையாக எழுதிக் காட்டினால் போதும், அந்தக் காலம் வாசகனுக்குப் புரிந்துவிடும். ஆனால் பெரும்பாலானவர்கள் தாண்டிப் போவது இதைத்தான்.

அடுத்தது, விசுவாசத்தை இன்றைய தேசபக்தியால் அளப்பது. 1081-இல் அல்ஃபோன்சோ அவரை நாடு கடத்தினார். ரோட்ரிகோ சரகோசா போய் அங்கிருந்த முஸ்லிம் அரசரிடம் படைத்தலைவரானார். மறு ஆண்டே அல்மெனாரில் தன் புதிய தலைவருக்காகப் போரிட்டு, பார்சிலோனாவின் கிறிஸ்தவக் கோமகனைச் சிறைபிடித்தார். இதைத் துரோகம் என்று சிலர் எழுதுகிறார்கள். இன்னும் சிலர் அவர் மானம் காப்பதாக நினைத்து அந்த ஆண்டுகளையே விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே அநியாயம். அன்று விசுவாசம் ஆளுக்கும் ஆளுக்கும் இடையில் இருந்தது. வீரன் தலைவரின் கையை முத்தமிட்டு அவருடைய ஆளாவான். தலைவரே விரட்டிவிட்டால் அவன் வேறு தலைவரைத் தேடிக்கொள்ளலாம். நம்மிடம் இதற்குப் பழைய சொல் ஒன்று உண்டு: செஞ்சோற்றுக் கடன். சரகோசாவின் சோற்றைத் தின்ற ரோட்ரிகோ சரகோசாவுக்காக வாளெடுத்தார், அவ்வளவுதான்.

அதற்காக அவரை அப்பழுக்கற்ற ராஜபக்தராகவும் ஆக்கிவிட வேண்டாம். அவரைப் பற்றிய காஸ்டிலிய நெடும்பாடலில் அவர் தன்னை விரட்டிய மன்னருக்கு முதலில் முப்பது, பிறகு நூறு, பிறகு இருநூறு என்று குதிரைகளைக் காணிக்கையாக அனுப்பிக்கொண்டே இருப்பார். வரலாற்று ரோட்ரிகோவோ 1092-இல் அதே மன்னரின் ரியோஹா பகுதிக்குள் புகுந்து ஊர்களைச் சூறையாடினார். அது கார்சியா ஓர்தோனேஸின் பொறுப்பில் இருந்த மண்.

பாடலையும் வரலாற்றையும் கலக்காமல் இருப்பது இவ்வளவு முக்கியமானது. புதிய மன்னர் அல்ஃபோன்சோவிடம் ‘அண்ணன் சாஞ்சோவின் கொலையில் எனக்குப் பங்கில்லை’ என்று ரோட்ரிகோ சத்தியம் வாங்கிய காட்சி பதின்மூன்றாம் நூற்றாண்டு நூல்களில்தான் தலைகாட்டுகிறது. இறந்த உடலைக் குதிரையில் கட்டி அனுப்பிப் போரை வென்றதும் பின்னாள் கதையே. பாடலில் மகள்கள் எல்விரா, சோல். உண்மையில் அவர்கள் கிறிஸ்தினா, மரியா.

பாடலை ஒதுக்கவும் சொல்லவில்லை. நாடு கடத்தப்பட்டவர் புர்கோஸ் நகருக்குள் வருகிறார். எல்லா வீடும் சாத்தியிருக்கிறது. அவர் ஒரு கதவை உதைக்கிறார், திறக்கவில்லை. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் வெளியே வந்து பேசுகிறாள். உங்களுக்கு இடம் கொடுத்தால் வீடும் போகும், கண்ணும் போகும் என்று மன்னரின் ஓலை வந்திருக்கிறது, எங்களுக்குக் கெடுதல் வந்தால் உங்களுக்கு என்ன லாபம் என்கிறாள். அவர் ஒன்றும் சொல்லாமல் ஊருக்கு வெளியே போய் ஆற்றங்கரை மணலில் கூடாரம் அடிக்கிறார். அரச கோபம் என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எழுதியதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். அதே பாடலில் அவர் மகள்களை அடித்துக் காட்டில் விட்டுப் போகிறவர்கள் உயர்குடிக் கிறிஸ்தவ இளைஞர்கள். அந்தப் பெண்களை விருந்து வைத்துக் காத்து அனுப்பிய நண்பர் அபென்கல்போன் ஒரு முஸ்லிம்.

முஸ்லிம் நகரமான வலென்சியாவில் அவர் செய்ததை மூடி மறைப்பதுதான் என்னால் பொறுக்க முடியாத தவறு. நகரைப் பட்டினி போட்டுத்தான் 1094 ஜூனில் பிடித்தார். உள்ளே தானிய விலை ஏற ஏறக் குறித்துவைத்த அரபு எழுத்தாளர் ஒருவர் இருந்தார். அடுத்த ஆண்டு, நகரை ஆண்ட காஜி (நீதிபதி) இப்னு ஜஹ்ஹாஃபை ரோட்ரிகோ உயிரோடு எரித்தார். ரோட்ரிகோவைச் சபித்து எழுதிய அரபு எழுத்தாளர் இப்னு பஸ்ஸாம், அதே மூச்சில் இறைவனின் அற்புதங்களுள் ஒருவர் என்றும் எழுதினார். எதிரியால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடிந்திருக்கிறது. நம்மால் முடியாதா?

ஓவியம் வரைபவர்களுக்கு ஒரு வார்த்தை: தலை முதல் கால்வரை இரும்புத் தகடு போர்த்தாதீர்கள். அது முந்நூறு ஆண்டு பிந்தியது. இவர் அணிந்தது வளையங்கள் கோத்த சங்கிலிச் சட்டையும், மூக்கை மறைக்கும் பட்டை வைத்த கூம்புத் தலைக்கவசமும்.

கதையை 1099 ஜூலையில், அவர் சாவோடு முடித்துவிடவும் கூடாது. அதன் பிறகு வலென்சியாவைக் காத்து நின்றவர் மனைவி ஹிமேனா. வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம் அரசமரபான அல்மொராவித்களின் படை நெருக்கியபோது, 1102-இல், முன்பு கணவரை விரட்டிய அதே அல்ஃபோன்சோ உதவிக்கு வந்தார். நகரைக் காக்க முடியாது என்று கண்டதும் எல்லோரையும் வெளியேற்றித் தீ வைத்தார். ஹிமேனா கணவரின் உடலை எடுத்துக்கொண்டு காஸ்டிலுக்குப் புறப்பட்டார்.